வெளிக்காற்றின் வெப்பச் சுமை

கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். ஓசை புகாதபடி கதவுகள் இறுக மூடியுள்ளன. உள்ளே 50 இசைக்கலைஞர்கள். உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்வித்தால் மின்சாரம் மிச்சம்தானே? ஆனால் மூச்சில் வெளிவரும் கரியமில வாயு பெருகும், தலை கனக்கும். ஆகவே வெளிக்காற்று வேண்டும். அதற்குரிய விலை என்ன?

ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் எனக் கொள்வோம். மொத்தம் 400 லிட்டர்; நிறை சுமார் 0.45 கிலோகிராம். காற்றின் வெப்ப எண் கிலோகிராமுக்கு, டிகிரிக்கு 1 கிலோஜூல். வெளியே 35°, உள்ளே 25° செல்சியஸ் எனில்:

0.45 × 1 × 10 = 4.5 கிலோவாட்.

கணக்கு முடியவில்லை. சென்னைக் காற்று ஈரமானது. கிலோகிராமுக்கு 20 கிராம் நீராவியை 10 கிராமாகக் குறைக்க, நொடிக்கு 4.5 கிராம் நீராவியை நீராக்க வேண்டும். உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 2.45 கிலோஜூல், ஆக, மேலும் 11 கிலோவாட்! ஈரமே பெருஞ்சுமை.

இதே கூடம் உதகையில் இருந்தால்? வெளியே 5°, உள்ளே 20°. இப்போது காற்றைச் சூடாக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. 400 லிட்டரின் நிறை 0.39 கிலோகிராம்தான். தேவை சுமார் 5.8 கிலோவாட். சமவெளி அடர்த்தியான 1.2-ஐப் போட்டால் விடை கால் பங்கு மிகுந்துவிடும்.

ஆண்டின் 8,760 மணிகளுக்கும் கணிப்பொறி செய்வது இக்கணக்கே. தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடையே வரும்.

உங்கள் வகுப்பறைக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்களேன்!