நிழல் விழும் சந்துக்கு ஃபெர்ன் வை!

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து, துளசிகூட வரமாட்டேங்குது என்று போனில் புலம்பினாயே, அங்கே பூச்செடி ஆசையை விட்டுவிடு தங்கச்சி. ஃபெர்ன் வை. பகலில் விளக்குப் போடாமல் அங்கே நின்று பேப்பர் படிக்க முடிகிறதா? அந்த வெளிச்சம் போதும். அதுகூட இல்லாத கும்மிருட்டில் எந்த ஃபெர்னும் வராது.

ஊட்டி, கொடைக்கானல் டூர் போகும்போது மயங்கி வாங்கி வராதே. குளிரில் வளர்ந்தவை நம் ஊர் சித்திரையில் நிழலிலேயே கருகிவிடும். உள்ளூர் நர்சரியில் நெஃப்ரோலெபிஸ் கேள். வாள் ஃபெர்ன் என்றாலும் தெரியும். தொங்கிப் பரவும் பாஸ்டன் ரகத்தைவிட, விறைப்பாக நிமிர்ந்து நிற்பது நமக்கு ஒத்துவரும். அதிலும் ஒரு ரகத்தின் வேரில் கோலிக்குண்டு மாதிரி கிழங்குகள் இருக்கும். தண்ணீரைச் சேர்த்து வைப்பது அதுதான். ஓரிரு நாள் நீ மறந்தாலும் தாங்கும். மெய்டன்ஹேர் பார்க்க அழகு, ஆனால் ஒரு வேளை காய்ந்தாலே இலை சுருண்டுவிடும். அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இலை மட்கு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு. கோகோபீட்டை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேர். அதில் உப்பு இருக்கும். இலை நுனி பழுப்பாகிறது என்று எல்லாரும் உரத்தைக் கொட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் போர் தண்ணீரின் உப்பும் காற்றின் வறட்சியும்தான். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்று. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் வெயிலைவிட மத்தியான அனல்காற்றுதான் எமன். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கி வை, சுற்றியுள்ள தரையை நனை. தொட்டி மண் ஈரமாக இருந்தால் போதும், சகதியாகக் கூடாது. பறவைக்கூடு ஃபெர்ன் வாங்கினால் நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கவிடாதே, அழுகும். உரம் என்றால் நன்றாக மட்கிய மண்புழு உரம், மாதம் ஒரு பிடி. பச்சைச் சாணம் வேரைச் சுடும்.

இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துவிடாதே! அவை வித்துப் பைகள். ஃபெர்னுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை, அந்தப் பைகளில் இருக்கும் தூளில்தான் வம்சம். வரிசையில்லாமல் காம்பிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் கீறினால் பிசுபிசுவென்று வந்தால் அது செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடு.

சுருண்டு வரும் இளங்குருத்தைப் பிள்ளைகள் தொட்டு விளையாடாமல் பார்த்துக்கொள், ஒடிந்தால் அந்த இலை அவ்வளவுதான். காய்ந்த இலையை இழுக்காமல் அடியோடு கத்தரி. தொட்டி நிறைந்ததும், ஆடியில் வெயில் தணிந்த பிறகு, கத்தியால் பிளந்து இரண்டாக்கலாம். ஐப்பசி மழையில் நத்தை வரும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கு.

கொல்லிமலையில் சூப்புக்கு விற்கிறார்களே முடவாட்டுக்கால், அதுவும் ஃபெர்ன் கிழங்குதான் தெரியுமா? மரத்திலும் பாறையிலும் தொற்றி வளர்வது. வாங்கினால் எல்லாவற்றையும் சட்டியில் போட்டுவிடாதே. நுனிக் குருத்து காயாமல் இருக்கும் துண்டு ஒன்றை எடுத்து, தேங்காய் நார் சுற்றி, கொல்லைப்புற மாமரக் கிளையில் கட்டு. மண்ணில் புதைக்காதே. வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தெளி. அடியில் வரும் பழுப்பு இலைகளைக் காய்ந்தது என்று பிய்த்துவிடாதே. சருகைப் பிடித்து வைத்துத் தனக்குத் தானே எரு சேர்ப்பது அவைதான். கோடையில் பச்சை இலை முழுதும் கொட்டிவிட்டாலும் கிளையை விட்டு அவிழ்க்காதே, மழை விழுந்ததும் துளிர்க்கும்.