வாயை முழுதாகத் திறக்க முடிகிறதா?
தாடை மூட்டும் பல் மருத்துவரும்



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு பற்றியெல்லாம் முந்தைய மலர்களில் வந்துவிட்டன. "நீங்கள் பல் தாதியாக இருந்தவர், பல்லைப் பற்றி எழுதுங்களேன்" என்றார் செயலாளர். பல் துலக்குவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும். ஆகவே பல்லை விட்டுவிட்டு, அந்தப் பல்லைத் தாங்கி நிற்கும் தாடையைப் பற்றியும், அது அசையும் மூட்டைப் பற்றியும் எழுதுகிறேன். இதில் நானே ஒரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் திகாம் பத்துவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். 1974-இல் பினாங்குப் பல் தாதியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். நியூசிலாந்தில் 1921-இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் ஏற்படுத்தப்பட்ட பள்ளி அது. பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பல்லை அடைப்பதும் பால் பல்லைப் பிடுங்குவதும்தான் எங்கள் வேலை. பெரியவர்களின் வாயைப் பார்ப்பது எங்கள் பொறுப்பில் இல்லை. இதைப் பின்னால் வரும் செய்திக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தாடை மூட்டு என்பதை நான் முதன்முதலில் கண்டது எட்டு வயதில். தோட்டத் திடலில் படம் காட்டிய ஓர் இரவு. நடுச்சாமத்தில் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். விட்ட வாய் மூடவில்லை. பேச முடியவில்லை, எச்சில் வழிகிறது, கண்ணில் நீர். காத்துக் கருப்பு என்று யாரோ சொல்ல, வேப்பிலையும் திருநீறும் வந்துவிட்டன. அரை மணி நேரம் கழித்துத் தோட்டத்து டிரெசர் ஐயாவை எழுப்பிக்கொண்டு வந்தார்கள். அவர் அக்காவைத் தாழ்வான பலகையில் உட்கார வைத்து, தம் இரு கட்டைவிரல்களிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். வாய் மூடிக்கொண்டது. அக்கா முதலில் கேட்டது, "படம் முடிஞ்சிருச்சா?" என்பதுதான். டிரெசர் ஐயா செய்த அந்த முறை பழங்கால கிரேக்க மருத்துவ நூல்களிலேயே விளக்கப்பட்டுள்ளது என்பதைப் பயிற்சிப் பள்ளிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். (அன்பர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். விரலும் போகும், தாடையும் உடையும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.)

உங்கள் காது ஓட்டைக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒன்று உருண்டு முன்னே நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முழங்கை மூட்டு கதவுக் கீல் போல மடங்கி நிமிரும், அவ்வளவுதான். தாடை மூட்டோ முதலில் கீல் போலச் சுழன்று, பிறகு மேசை இழுப்பறை போல முன்னுக்கு வழுக்குகிறது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தை போல ஒரு சிறு வட்டு இருக்கிறது. அது தன் இடத்தைவிட்டுச் சற்று விலகினால் வாய் திறக்கும்போது 'டக் டக்' என்று ஒலி கேட்கும். வலியில்லாமல் ஒலி மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. உலகில் ஏராளமானோருக்கு இப்படி உண்டு. வலி இருந்தால், அல்லது வாய் பாதியில் பூட்டிக்கொண்டால்தான் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

1989-இல் எனக்கே அது வந்தது. காலையில் எழுந்தால் இடது காது வலிக்கும், கன்னம் கனக்கும், நெற்றிப் பொட்டில் தெறிக்கும். காது என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். பல் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே காதுக்கு மருந்து ஊற்றிக்கொண்டவள் நான்! இப்படிக் குழம்புவது புதிதல்ல. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், தம்மிடம் காது வலி என்று வந்த பதினொரு பேருக்குத் தாடை மூட்டில்தான் கோளாறு என்று 1934-இல் எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்து போவதால் மூட்டு நரம்பை அழுத்துகிறது என்று அவர் சொன்ன காரணம் பின்னால் தவறென்று தெரிந்தது. ஆனால் காதுக்காரரையும் பல்லுக்காரரையும் ஒரே இடத்தைப் பார்க்க வைத்தவர் அவர்.

எங்கள் மூத்த பல் மருத்துவர் என் கன்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா?" ஒட்டித்தான் இருந்தன. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் பற்கள் பிரிந்திருக்க வேண்டும். உண்ணும்போதும் விழுங்கும்போதும்தான் அவை சந்திக்க வேண்டும். நானோ அழுகிற பிள்ளையின் பல்லைத் துளைக்கும்போதெல்லாம் என் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரவில் தூக்கத்திலும் நறநறவென்று அரைத்திருக்கிறேன்.

சிகிச்சை மிக எளிது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காலையும் மாலையும் பத்து நிமிடம் கன்னத்தில் வைக்கச் சொன்னார். சில வாரங்களுக்கு முறுக்கு, கரும்பு, மிட்டாய் கம் எதுவும் கூடாது. கொட்டாவி வரும்போது முகவாய்க்கடியில் முட்டியை வைத்துத் தடுக்க வேண்டும். நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் மெல்ல வைத்துக்கொண்டால் பற்கள் தாமாகப் பிரியும் என்பதையும் கற்றுக் கொடுத்தார். பிறகு பல் அச்செடுத்து, தூங்கும்போது அணிய அக்ரிலிக்கில் ஒரு தகடு செய்து தந்தார். மூன்று மாதத்தில் வலி விட்டது. பெரும்பாலோருக்கு இந்த அளவே போதும். நல்ல பற்களை அரைத்துத் தள்ளுவதோ பிடுங்குவதோ தாடை மூட்டு வலிக்கு முதல் வைத்தியமல்ல. அப்படி யாரேனும் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். அறுவை சிகிச்சை வெகு சிலருக்கே தேவைப்படும்.

தாடை வலியெல்லாம் மூட்டு வலியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்து, நின்றால் வலி நின்றால், அது இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினால் பல் மருத்துவரைத் தேடாமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காயம் பட்ட சில நாளில் தாடை இறுகினால் அது தனுர்வாதம். மரம் வெட்டும் கத்தி கிழித்த காயத்தைச் சாம்பல் வைத்துக் கட்டிய காலத்தில் நம் பெரியவர்கள் அஞ்சிய நோய் அது. தைப்பூசத்தில் அலகு தரிக்கும் அன்பர்கள், தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

என்னை வளர்த்தவர் என் அத்தை. விடியற்காலை பெரட்டுக்குப் போகும் முன் வெற்றிலை, மத்தியானம் பால் ஊற்றிவிட்டு வந்ததும் வெற்றிலை, இரவு கதை பேசும்போது வெற்றிலை. 1995-இல் ஒரு நாள், "பாப்பா, வாய் சரியா தொறக்க மாட்டேங்குது, கன்னமெல்லாம் இறுகிக் கெடக்கு" என்றார். எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு, கொட்டாவிக்கு முட்டி என்று எனக்குச் சொன்ன அத்தனையையும் அவருக்குச் சொன்னேன். காரம் பட்டால் வாய் எரிகிறது என்றார். வயதானால் அப்படித்தான் என்றேன். ஓராண்டு ஓடிவிட்டது. அந்த ஓராண்டில் ஒரு தடவைகூட டார்ச் லைட்டை எடுத்து அத்தையின் வாய்க்குள் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

1996-இல் சாப்பாட்டுக் கரண்டி நுழையவில்லை என்றபோதுதான் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் மூட்டைத் தொட்டுப் பார்த்தார். மூட்டில் வலியில்லை, ஒலியில்லை. அடுத்து விரலைக் கன்னத்தின் உட்புறம் விட்டுத் தடவினார். மிருதுவாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துப்போய்க் கயிறு ஓடியது போல் இறுகியிருந்தது. அளவுகோலில் வாய் திறப்பு 22 மில்லி மீட்டர். பெரியவர்களுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டும். வலப்பக்கக் கன்னத்தின் பின்புறத்தில், நான் பார்த்திருந்தால் எப்போதோ கண்டிருக்கக்கூடிய ஒரு புண்.

அது பாக்கினால் வரும் நோய். ஆங்கிலேய மருத்துவ உலகம் இதை அறிந்தது 1952-இல், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயைப் பார்த்த ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதிய பிறகுதான். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் சத்து, கன்னத்தின் உள்தோலுக்கடியில் நார்ச்சத்தைப் பெருக்கிக்கொண்டே போகிறது. தோல் கயிறாகிறது, வாய் சுருங்குகிறது. இறுகிய வாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் காக்கலாம், பயிற்சியாலும் மருந்தாலும் ஓரளவு திறக்கச் செய்யலாம். சிலருக்கு இது புற்றுநோயாக மாறுகிறது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் கண்ட 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது.

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே" என்று நம் பெரியவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் 1993–94-இல் 11,697 பெரியவர்களின் வாயைச் சோதித்தார்கள். புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்கள் இந்தியர்களிடம் 4 விழுக்காடு, சீனர்களிடம் 0.5 விழுக்காடு. அதன் பிறகுதான் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு தோட்டங்களுக்கே வந்து வாயைச் சோதிக்கும் திட்டத்தை முறைப்படுத்தியது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறி, நம் மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, வெற்றிலைப் பெட்டியும் கூடவே வந்துவிட்டது. தேடி வந்த வேனைத்தான் இப்போது நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பாக்கு நம்மை விட்ட பாடில்லை. மூடா ஆற்றோரம் பினாங் துங்கால், அதற்கப்பால் பூலாவ் பினாங். சுற்றிலும் ஊர்ப்பெயர்களே பாக்கு!

கோயிலில் தாம்பூலம் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தட்டில் இருக்கும் தாம்பூலம் மங்கலப் பொருள். அது வாயில் அடங்கிக் கிடக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. மடித்துக் கொடுக்கும் பாக்கைத் திருமண வீட்டில் சிறுவர்கள் மென்று பார்ப்பதை நாம் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம். அதை மட்டுமாவது நிறுத்தலாம்.

பல் மருத்துவர் வாயைப் பார்த்து உடம்பைச் சொல்வதும் உண்டு. ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் பிடித்தால் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்வார். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈற்றைக் கெடுக்கும். தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 2019-இல் 18.3 விழுக்காடு, 2023-இல் 15.6 விழுக்காடு. நம் சமூகத்தில் அது இன்னும் கூடுதல்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, நெட்டுக்குத்தாக உங்கள் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவருடைய விரலைக் கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று போகாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், காரம் பட்டதும் எரிந்தாலும், சுங்கை பட்டாணி அரசாங்கப் பல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பீடோங் செமிலிங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. போகும்போது வெற்றிலை போடும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

அத்தைக்குப் பினாங்கில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஆறாண்டு இருந்தார், பெரும்பாலும் கஞ்சியும் ரசஞ்சாதமும்தான். என்மேல் அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "நீ என்ன பண்ணுவே, பிள்ளைங்க பல்லுதானே உனக்குத் தெரியும்" என்பார். வெள்ளிக்கிழமைதோறும் தட்டில் வெற்றிலை பாக்கு இல்லாமல் அவர் கோயிலுக்கு வந்ததில்லை. அர்ச்சனை முடிந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்தின் முன் வைப்பார். காய்ந்த பிறகு மல்லிகைச் செடியின் அடியில் போட்டுவிடுவார்.