பழைய எஞ்சினுக்கு எந்த ஆயில்?



"ஆயில் ஊத்துறதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப் டிரெயினிங்கில் நான் தலைகுனிந்து நின்று கற்றுக்கொண்ட பாடம் இது. நீங்கள் தலைநிமிர்ந்தே கற்றுக்கொள்ளலாமே என்றுதான் எழுதுகிறேன்.

கடலூரில் நான் பயிற்சிக்குப் போன ஒர்க்‌ஷாப்புக்கு ஒருநாள் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் கார் ஒன்று வந்தது. சிதம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தாமே ஓட்டி வந்திருந்தார். "ஆயில் மட்டும் மாத்திடுங்க தம்பி" என்றார். மெக்கானிக் அண்ணன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். "நீயே பாத்து மாத்து" என்று குரல் மட்டும் வந்தது.

பார்த்தேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய, புத்தம் புதிய தரத்தில் வந்த 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் ஆயிலை வாங்கி ஊற்றினேன். ஸ்டார்ட் செய்தேன். ஆயில் லைட் அணைந்தது. எனக்கு ஒரே பெருமை! பத்து நிமிடம் கழித்து எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், ஐடிலிங்கில் அந்தச் சிவப்பு லைட் மினுக் மினுக்கென்று எரிய ஆரம்பித்தது. டேப்பெட் சத்தமும் கூடியது. அண்ணன் ஓடிவந்து சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"இன்னா தம்பி ஊத்துன?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "வெலையப் பாத்து ஊத்தக் கூடாது தம்பி. எஞ்சினப் பாத்து ஊத்தணும்" என்றார். இந்தக் கட்டுரையின் சாரம் அந்த ஒரு வரிதான். ஏன் அப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

சாதுவான அண்ணன், வேகமான தம்பி

ஹெரால்ட் 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் கார். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பகுதியில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. நம்ம ஊர் ஹெரால்டில் இருந்தது 948 சி.சி. எஞ்சின். சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. (நான்கு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்!)

இதே ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்து 1962-இல் வெளிவந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். அதன் எஞ்சினும் இதே குடும்பம்தான். 1147, 1296, 1493 சி.சி. என்று வளர்ந்து 1980 வரை அந்தக் கார் வந்தது. எனவே லண்டனில் ஒருவர் தன் பழைய ஸ்பிட்ஃபயருக்கு என்ன ஆயில் ஊற்றுவது என்று யோசிப்பதும், சிதம்பரத்தில் நம் ஆசிரியர் தன் ஹெரால்டுக்கு யோசிப்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்.

'டபிள்யூ' என்றால் என்ன?

20டபிள்யூ-50 என்று டப்பாவில் போட்டிருக்கும். டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடும் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. எஸ்.ஏ.இ. தர விதிப்படி 20டபிள்யூ ஆயிலைக் குளிர் ஸ்டார்ட்டுக்குச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரி செல்சியஸில். 5டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில். மார்கழி விடியற்காலையில் கொள்ளிடக் கரையில் நின்றால்கூட நமக்கு அந்தக் குளிர் வராது! ஆகவே நம் பகுதியில் முதல் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். அது 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலையைக் குறிக்கிறது. எல்லைகள் இவை:

30 கிரேடு: 9.3 முதல் 12.5-க்குள்
40 கிரேடு: 12.5 முதல் 16.3-க்குள்
50 கிரேடு: 16.3 முதல் 21.9-க்குள்

(அலகு: சென்டிஸ்டோக்ஸ்)

ஏன் லைட் எரிந்தது?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் படித்ததை இங்கே கொண்டுவருவோம். ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக ஆயில் கசிந்து வெளியேறுகிறது. அந்தக் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதம், பாகுநிலைக்கு எதிர்விகிதம். ஐடிலிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் குறைந்த ஆயிலையே தள்ளும். அத்தனையும் சுலபமாகக் கசிந்து போனால் பிரஷர் எங்கே நிற்கும்?

தேய்மானத்தால் இடைவெளி 20 சதவீதம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.2-இன் மும்மடி 1.73. பழைய பிரஷர் வேண்டுமென்றால் பாகுநிலையும் 1.73 மடங்கு இருக்க வேண்டும். 30 கிரேடு ஆயில் ஒன்றின் பாகுநிலை 10.5 என்றால், 10.5 × 1.73 = 18.2. அது எந்த கிரேடு? மேலே பாருங்கள், 50! அண்ணன் எந்தக் கணக்கும் போடாமல் சொன்னதும் இதைத்தான். "இந்த வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்து."

அதே எஞ்சினைப் புதிதாகக் கிரைண்டிங் செய்து, புது பேரிங் போட்டுக் கட்டியிருந்தால் 20டபிள்யூ-40 போதும். ஆகவே முதலில் கேஜ் மாட்டி அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள இந்த எஞ்சினில், சூடான பிறகு 2000 ஆர்.பி.எம்.-இல் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை பிரஷர் இருக்க வேண்டும். லைட் மட்டும் உள்ள வண்டியில், அந்த ஸ்விட்ச் மாட்டியிருக்கும் துளையிலேயே கேஜை மாட்டி அளந்துவிடலாம்.

துத்தநாகம் என்ற காவல்காரன்

அடுத்தது கேம் ஷாஃப்ட். பழைய எஞ்சின்களில் கேம் லோப், தட்டையான டேப்பெட்டின் மேல் உரசிக்கொண்டே போகும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடத்தில் ரோலர் உருள்கிறது. உரசுகிற இடத்தில் ஆயில் படலம் நசுங்கி, இரும்பும் இரும்பும் தொடப் போகும் நேரத்தில் காப்பாற்றுவது ஆயிலில் கலந்துள்ள ஒரு துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். ஆயில் கம்பெனிக்காரர்கள் இசட்.டி.டி.பி. என்பார்கள். அது சூட்டிலும் அழுத்தத்திலும் இரும்பின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, தான் தேய்ந்து இரும்பைக் காக்கிறது.

பிறகு ஏன் அதைக் குறைத்தார்கள்? பாஸ்பரஸ் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். நம் நாட்டில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஏ.பி.ஐ. அமைப்பு 2004-இல் கொண்டுவந்த எஸ்.எம். தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2020-இல் வந்த எஸ்.பி. தரத்திலும் அப்படியே. ஆனால் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்த மேல் வரம்பு பொருந்தாது. ஹெரால்டிலோ கன்வெர்ட்டரே கிடையாது!

எனவே கெட்டி கிரேடு எடுத்தால் பாகுநிலையும் கிடைக்கும், துத்தநாகம் கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் துத்தநாகம், பாஸ்பரஸ் அளவைப் பாருங்கள். அதற்காகத் தனி பாட்டில் வாங்கி இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

சிந்தெட்டிக் கெட்டதா?

இல்லை. நல்ல ஆயில்தான். நான் செய்த தவறு சிந்தெட்டிக் வாங்கியது அல்ல, 30 கிரேடு வாங்கியது. இருந்தாலும் பழைய எஞ்சினில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, காய்ந்து இறுகிப்போன சீல்கள் வழியே மெல்லிய ஆயில் சீக்கிரம் ஒழுகும். இரண்டு, இன்றைய ஆயில்களில் அழுக்கைக் கழுவும் டிடர்ஜென்ட் அதிகம். பல வருஷம் கவனிக்காத எஞ்சினில் படிந்த கசடு ஒரேயடியாகக் கிளம்பி சம்ப் வலையை அடைத்துவிடலாம். ராக்கர் கவரைத் திறந்து பாருங்கள். உள்ளே களிம்பு மாதிரி படிந்திருந்தால் சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு ஊற்றுங்கள், 500 கி.மீ.-இல் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றிவிடுங்கள்.

கெட்டி ஆயில் மருந்து அல்ல

"அப்படீன்னா இன்னும் கெட்டியா ஊத்திட்டா?" என்று நானும் கேட்டேன். "பல்வலிக்குக் கிராம்பு வெச்ச மாதிரி தம்பி" என்றார் அண்ணன். ஆமாம், வலி அடங்கும். சொத்தை அப்படியே இருக்கும். 50 கிரேடு ஊற்றியும் சூட்டில் பிரஷர் ஏறவில்லை என்றால் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ரிங், வால்வு கைடு. மேலும், அளவுக்கு மீறிய கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ராக்கர் வரை போய்ச்சேரத் தாமதமாகும். தேய்மானம் அந்த நேரத்தில்தான் அதிகம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு

பழைய கார்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். அண்ணாமலை நகரிலிருந்து சிதம்பரம் ரயிலடிக்குப் போய்த் திரும்பினால் ஆயில் முழுச் சூடு ஏறாது. உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி அமிலமாகும். வாரம் ஒருமுறை கடலூர் வரையிலாவது ஓட்டினால் நல்லது. ஐப்பசி அடைமழைக்கு வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றுங்கள். பழைய அமிலத்தோடு பேரிங்கை ஊற வைக்காதீர்கள். தை மாதம் எடுக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சூடான தகட்டில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, லைட் அணையும் வரை செல்ஃப் அடித்து ஆயிலை மேலேற்றிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள். 5000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

சீல் உடையாத டப்பாவை பில்லோடு வாங்குங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்ட பிறகே எறியுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே டூப்ளிகேட் திரும்பி வரும். வடித்த ஆயிலைக் கெடிலத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், அனுமதி பெற்று மறுசுத்திகரிப்பு செய்பவர்களுக்குப் போகும்படி சேர்த்து வையுங்கள்.

முடிவுரை

அன்று நான் ஊற்றியதை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினோம். லைட் எரியவில்லை. ஆனால் டேப்பெட் சத்தம் ஒன்று மட்டும் அடங்கவில்லை. டயல் கேஜ் வைத்து எட்டு புஷ் ராடும் எழும் உயரத்தை அளந்தோம். ஏழு ஒன்றுபோல இருந்தன. எட்டாவது அரை மில்லிமீட்டர் குறைவு. கேம் லோப் தேய்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் நடந்த தேய்மானம் அல்ல அது. எத்தனையோ வருஷமாக நடந்தது. எந்த ஆயிலாலும் அதைத் திரும்ப வளர்க்க முடியாது. புது கேம் ஷாஃப்ட் தேடினால் சுலபத்தில் கிடைக்காத வண்டி.

ஆசிரியரிடம் இதைச் சொல்ல அண்ணன் என்னையே அனுப்பினார். நான் செய்த தவற்றையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஏழு நல்லா இருக்குல்ல தம்பி? அத காப்பாத்திக் குடுங்க, போதும்" என்றார்.

ஆயில் செய்யக்கூடியதும் அவ்வளவுதான் நண்பர்களே! போனதை அது மீட்காது, இருப்பதைக் காக்கும். ஆகவே நாளை உங்கள் கைக்கு ஒரு பழைய எஞ்சின் வந்தால், கடைக்கு ஓடுமுன் கேஜை எடுங்கள்.

— மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்