ஜில்லா போர்டில் யாருக்கு ஓட்டு?

மலபார் என்பது முன்பு ஒரே மாவட்டம். அது சென்னை மாகாணத்தில் இருந்தது. அதன் தலைநகரம் கோழிக்கோடு. இன்றைய கண்ணூர், வயநாடு, கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களும், பாலக்காடு மாவட்டத்தின் பெரும் பகுதியும் அதில் அடங்கியிருந்தன.

மாவட்டத்தின் கிராமப்புறங்களைக் கவனிக்க ஒரு சபை இருந்தது. அதன் பெயர் மலபார் ஜில்லா போர்டு. சாலை போடுவது, பாலம் கட்டுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, மருத்துவமனை வைப்பது, அம்மை குத்துவது எல்லாம் போர்டின் வேலை. நிலவரியோடு சேர்த்து ஒரு தனி வரியும் மக்களிடம் வாங்கப்பட்டது. அந்தப் பணம் போர்டுக்குப் போனது. அரசும் மானியம் கொடுத்தது.

எந்த ஊருக்குச் சாலை? எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம்? போர்டில் உட்கார்ந்தவர்கள்தான் இதை முடிவு செய்தார்கள். அவர்களை அங்கே உட்கார வைத்தது யார்?

கலெக்டரே தலைவர்

1882ஆம் ஆண்டு. ரிப்பன் பிரபு இந்தியாவின் வைசிராயாக இருந்தார். உள்ளூர்க் காரியங்களை உள்ளூர் மக்களே பார்க்கட்டும் என்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1884இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் அமைந்தன.

ஆனால் போர்டின் தலைவர் கலெக்டர்தான். உறுப்பினர்களை நியமித்ததும் பெரும்பாலும் அரசுதான். சாதாரண மக்களைக் கேட்பார் இல்லை.

1920இல் புதிய சட்டம் வந்தது. தேர்தல் மூலம் வரும் உறுப்பினர்கள் அதிகமானார்கள். கலெக்டரின் பிடி தளர்ந்தது. அதிகாரி அல்லாதவர்கள் தலைவராக வந்தார்கள். காங்கிரஸ் தலைவர் கே. கேளப்பன் அவர்களில் ஒருவர். குருவாயூர்க் கோயிலில் எல்லாச் சாதியினரையும் அனுமதிக்க வேண்டும் என்று 1931இல் சத்தியாக்கிரகம் நடத்தியவர் அவர்.

அப்போதும் ஒரு குறை இருந்தது. குறிப்பிட்ட அளவு சொத்தோ வரியோ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. மலபாரில் நிலம் ஜன்மிகளிடம் இருந்தது. ஜன்மி என்றால் நிலச்சொந்தக்காரர். உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள், கூலிக்காரர்கள். அவர்கள் நடந்த சாலை போர்டின் சாலை. ஆனால் போர்டின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

எல்லாருக்கும் ஓட்டு

1950 ஜனவரி 26 அன்று இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாரும் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடலாம் என்று அது சொன்னது. சொத்து வேண்டாம். படிப்பும் வேண்டாம். 1989இல் இந்த வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

முதல் பொதுத்தேர்தல் 1951–52இல் நடந்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். எழுத்துத் தெரியாதவர்களும் சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டார்கள்.

1954இல் மலபார் ஜில்லா போர்டுக்குத் தேர்தல் வந்தது. இந்தத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் வென்று நிர்வாகத்துக்கு வந்தார்கள். பி. டி. பாஸ்கரப் பணிக்கர் தலைவர் ஆனார். அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர். பிற்காலத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தை வளர்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். எர்ணாகுளம் மாவட்டத்தில் எழுத்தறிவுப் பணியை முன்நின்று நடத்தியது அந்த இயக்கம்தான். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது.

போர்டு போனது, ஓட்டும் போனது

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தது. மலபார் அதில் சேர்ந்தது. 1957 ஜனவரியில் அந்த ஒரு மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஜில்லா போர்டும் கலைந்தது. பள்ளிகளும் சாலைகளும் அரசுத் துறைகளின் கைக்குப் போயின.

சட்டமன்றத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போட்டார்கள். மாவட்டத்துக்கு என்று ஒரு சபை மட்டும் இல்லை. எல்லாருக்கும் ஓட்டு என்று ஆன பிறகு, ஓட்டுப் போட போர்டு இல்லாமல் போனது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நிலை. 1991இல் மாவட்டக் கவுன்சில்கள் வந்தன. அவையும் நீண்ட நாள் நிற்கவில்லை.

காரணம் என்ன? உள்ளூர்ச் சபைகள் மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பி இருந்தன. அரசு நினைத்தால் தேர்தலைத் தள்ளிப் போடலாம். சபையைக் கலைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

1993 ஏப்ரல் 24 அன்று அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அது சொல்வது இதுதான்:

பஞ்சாயத்துகளின் காலம் ஐந்து ஆண்டு. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் வேண்டும்.

1995இல் கேரளத்தில் மாவட்டப் பஞ்சாயத்துகளுக்குத் தேர்தல் நடந்தது. 2010 தேர்தல் முதல் அங்கே பாதி இடங்கள் பெண்களுக்கு.

சட்டம் வந்த பின்னும் பல மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தல்கள் தள்ளிப் போயிருக்கின்றன. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லாமல், நடந்தது. இடையில் அதிகாரிகளே நிர்வாகம் பார்த்தார்கள். தேர்தல் தள்ளிப் போனால் கேள்வி கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. அதற்குச் சட்டம் துணை நிற்கிறது.

கலந்து பேசுங்கள்

1. 1920க்குப் பிறகும் குத்தகைக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லாதது ஏன்?
2. உங்கள் மாவட்டத்தில் மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் யார்? கடைசித் தேர்தல் எந்த ஆண்டு நடந்தது?
3. வாக்காளர் பட்டியலை வாங்கிப் படியுங்கள். உங்கள் பெயரும் வீட்டில் 18 வயது நிரம்பியவர்கள் பெயரும் இருக்கின்றனவா? எழுத்துப் பிழை உண்டா?