பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்: முதல் ரூபாய் எந்தப் பார்ட்டுக்கு?

பகலில் எடிட்டிங், டிசைன், கோடிங். இரவில் கேமிங். இரண்டுக்கும் ஒரே பட்ஜெட் கம்ப்யூட்டர்தான் என்றால், அது திணறும்போது கேமில் ரேங்க்கும் போகும், வேலையில் டெட்லைனும் போகும். அப்கிரேட் அவசியம்தான். ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பணத்தோடு போய், “எதை மாத்தலாம்ணா?” என்று கேட்காதீர்கள். கடைக்காரர் தன் ஸ்டாக்கைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அது அவர் வியாபாரம். எந்தப் பார்ட் இழுத்துப் பிடிக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. அளந்து பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். ஃப்ரேம் வேகத்தை மானிட்டரோடு கட்டிப்போடும் வி-சிங்கை ஆஃப் செய்து, வழக்கமான கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் யூசேஜ் 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. 60, 70-இல் நின்றும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) குறைவு என்றால் ப்ராசஸரைச் சந்தேகியுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லையா? சந்தேகம் உறுதி.

2. செலவில்லாத வேகத்தை முதலில் எடுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே விட்டிருப்பவர்கள் ஏராளம். பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுங்கள். சூடு ஏறினால் ப்ராசஸரும் கார்டும் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

3. அடுத்து ரேம், எஸ்எஸ்டி. ஒற்றை 8 ஜிபி ஸ்டிக் இருந்தால், அதே வகை, அதே வேகத்தில் இன்னொன்று சேருங்கள். 16 ஜிபியும் கிடைக்கும், இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனலும் கிடைக்கும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது; போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரைதான் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500-ஐத் தாண்டும். ஆனால் எஸ்எஸ்டி லோடிங் நேரத்தைத்தான் குறைக்கும். எஃப்பிஎஸ்ஸை ஏற்றும் என்று நம்பி வாங்காதீர்கள்.

4. பெரிய பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. புதுக் கேம்களுக்கு, விராம் எனும் கார்டின் சொந்த மெமரியில் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். பெயரை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ-யின் நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அதன் வேகம் அடிபடும். ப்ளெண்டர் ரெண்டரிங்கில் சம்பாதிப்பவர்கள் என்விடியா பக்கம் போவது நல்லது.

5. கார்டுக்கு முன் பவர் சப்ளையைப் பாருங்கள். கார்டு உட்காரும் ஸ்லாட் தரும் மின்சாரம் 75 வாட். ஒரு 8-பின் கேபிள் தருவது 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். கேஸோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத சப்ளையில் இதை மாட்டுவது சூதாட்டம். நல்ல சப்ளை அடுத்த அப்கிரேடுக்கும் உதவும்.

6. ப்ராசஸர் மாற்ற எப்போதும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. 2017-இல் முதல் ரைசன் வந்த ஏஎம்4 சாக்கெட்டிலேயே 2022-இன் ரைசன் 5 5600 உட்காரும். பல பி450 போர்டுகளுக்கு பயாஸ் அப்டேட் போதும். தயாரிப்பாளரின் சப்போர்ட் லிஸ்ட்டைப் பாருங்கள். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அப்டேட்டை முடியுங்கள். கழற்றிய பிறகு செய்ய முடியாமல் போகலாம்.

7. செகண்ட் ஹேண்ட் என்றால் கண்ணெதிரே லோடு கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பில், சீரியல் எண், மிச்ச வாரன்டி மூன்றும் சரியாக இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். உங்கள் பழைய பார்ட்டை உடனே விற்றுவிடுங்கள். தள்ளிப்போட்டால் விலை இறங்கலாம்.

8. எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எந்தப் பார்ட், என்ன விலை, மாற்றும் முன் எத்தனை எஃப்பிஎஸ், மாற்றிய பின் எத்தனை, ரெண்டர் நேரம் எவ்வளவு குறைந்தது? இந்தக் குறிப்பு வேலை தேடும்போதும் கைகொடுக்கும். ஐடி சப்போர்ட், ஹார்டுவேர் வேலை இன்டர்வியூவில் “கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்” என்று பத்துப் பேர் சொல்வார்கள். பிரச்சினையை அளந்து, காரணத்தைப் பிடித்து, குறைந்த செலவில் தீர்த்ததற்கு ஆதாரம் காட்டுபவருக்கே வேலை.