வகுப்பறையில் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்: தகுதியை எப்படி அறிவது?

ஊர் திரும்பியதும் உங்களுக்கு வேலைகள் பல. காணி துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். செவிப்புலன் வலுவற்ற பிள்ளை உள்ள வீட்டில் இன்னுமொரு வேலையும் உண்டு. வகுப்பில் ஆசிரியர் சொல்வது அந்தப் பிள்ளைக்கு விளங்குகிறதா என்று நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பிள்ளை கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டு வரும், கொப்பியும் நிறைந்திருக்கும். ஆனால் எழுதியதன் பொருள் தெரியாமலே ஒவ்வொரு தரமாக ஏறிப் போகும் பிள்ளைகளும் உள்ளனர்.

எங்கே சேர்க்கலாம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கைதடியில் உள்ள நுபீல்ட் பாடசாலை, செவிப்புலன் வலுவற்ற பிள்ளைகளுக்குத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கிறது. சில சாதாரண பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. சாதாரண வகுப்பிலும் சேர்க்கலாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது.

ஆனால் சாதாரண வகுப்பில் சைகை மொழி உரைபெயர்ப்பாளர் இருப்பது நம் நாட்டில் அரிது. எனவே யாராவது ஒருவர் அந்த வேலைக்கு முன்வரும்போது, "கிடைத்ததே பெரிய காரியம்" என்று இருந்துவிடாதீர்கள். அவரிடம் இருக்க வேண்டிய தகுதிகள் மூன்று.

ஒன்று: பிள்ளையின் சைகை மொழி

சைகை மொழி என்பது தமிழைக் கையால் காட்டுவதல்ல. அதற்கென்று சொற்களும் இலக்கணமும் உண்டு. அது நாட்டுக்கு நாடு வேறுபடும். தமிழ்நாட்டு முகாமில் இருந்து அங்கே சைகை மொழி படித்த பிள்ளைக்கு, இங்குள்ள சைகைகள் பல புதிதாக இருக்கும். வாயால் பேசும் தமிழ் இரு கரையிலும் ஒன்றுதானே என்று நினைத்து, பிள்ளை மந்தமானது என்று முடிவுகட்ட வேண்டாம். பழகச் சில மாதங்கள் கொடுங்கள். பிள்ளை எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தது என்பதை உரைபெயர்ப்பாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இரண்டு: உரைபெயர்ப்புப் பயிற்சி

விரல் எழுத்துகளும் நூறு சைகைகளும் தெரிந்தவர் உரைபெயர்ப்பாளர் ஆகிவிடமாட்டார். இந்தியாவில் இதற்கென்று இரண்டு ஆண்டு டிப்ளோமா பாடநெறி உண்டு. இலங்கையில் தொழிற்கல்வி நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. ஒருவர் சான்றிதழ் காட்டினால், எந்த நிறுவனம் வழங்கியது, அது பதிவு பெற்றதா, எத்தனை மாதப் பயிற்சி, பரீட்சை இருந்ததா என்று கேளுங்கள். வெறும் பங்குபற்றல் சான்றிதழ் தகுதிச் சான்றிதழ் ஆகாது.

விசேட கல்வி ஆசிரியரின் வேலையும் உரைபெயர்ப்பாளரின் வேலையும் வேறு. ஆசிரியர் கற்பிப்பவர். உரைபெயர்ப்பாளர் வகுப்பில் பேசப்படுவது முழுவதையும் பிள்ளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். பிள்ளைக்காக அவர் விடை சொல்லக் கூடாது. பிள்ளையைப் பற்றி அறிந்ததை ஊரில் கதைக்கவும் கூடாது.

மூன்று: வகுப்பறை அறிவு

வைத்தியசாலையில் நன்றாக உரைபெயர்ப்பவர் விஞ்ஞான பாடத்தில் தடுமாறலாம். அமெரிக்காவில் பாடசாலை உரைபெயர்ப்பாளருக்கெனத் தனி மதிப்பீடு உண்டு. அதில் 0 முதல் 5 வரை தரப்படுத்துகிறார்கள். ஆசிரியர் சொல்வதைச் சைகையாக்குவது மட்டுமன்றி, பிள்ளை சைகையில் சொல்வதைக் குரலில் சொல்வதும் அங்கே சோதிக்கப்படுகிறது. இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் கேள்வி ஆசிரியரைச் சென்றடையாவிட்டால் பாடம் ஒருவழிப் பாதைதான்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

பாடசாலை விட்டு வந்ததும் கொப்பியை மூடி வைத்துவிட்டு, "இன்று என்ன படித்தாய்?" என்று பிள்ளையிடம் சைகையில் கேளுங்கள். பல நாட்கள் தொடர்ந்து சொல்ல முடியாமல் இருந்தால், உரைபெயர்ப்பாளரோடும் வகுப்பாசிரியரோடும் ஒன்றாக இருந்து பேசுங்கள். இதற்கு உங்களுக்கும் சைகை மொழி தெரிய வேண்டும். பிள்ளையோடு சேர்ந்து நாளுக்கு ஐந்து சைகையாவது பழகுங்கள்.

அக்காவையோ தம்பியையோ பக்கத்தில் இருத்தி உரைபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியவை

1. பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், செவிப்புலன் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை ஒரே கோவையில் வையுங்கள். இடப்பெயர்வில் ஏதாவது தொலைந்திருந்தால், அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திராமல் உடனே அதிபரிடம் சொல்லுங்கள்.

2. உரைபெயர்ப்பாளர் தேவை என்பதை அதிபருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கும் கொடுங்கள். திகதியிட்ட பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

3. பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள்.

4. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விசேட வசதி தேவையானால், விண்ணப்பிக்கும் காலத்துக்கு முன்னரே அதிபரோடு பேசுங்கள்.

மாற்றுவலுவுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்தியது. சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று அதன் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உங்கள் பிள்ளையின் உரிமை.

கலந்துரையாடுங்கள்: உங்கள் கிராமத்தில் செவிப்புலன் வலுவற்ற பிள்ளைகள் எத்தனை பேர்? பெற்றோர் சேர்ந்து ஒரே கோரிக்கையாக எழுத முடியுமா?