சுரைக்கலத்து இசை

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் வடபாலும் நைஜர் நாட்டின் தென்பாலும் வாழும் பெருங்குடியினர் ஹௌசா மக்கள். கானோ, கத்சினா, சாரியா என்பன அவர்தம் பழம்பெரு நகரங்கள். அம்மக்களுள் மணமான மகளிர் பலர் புறத்தே செல்லாது மனைக்கண்ணேயே வாழும் வழக்கம் உண்டு. அதனைக் ‘குல்லே’ என்பர். அவ்வழக்கம் நன்றோ தீதோ என ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. மதிலுக்குள் இருந்தோர் எங்ஙனம் பாடினர் என்பதே நாம் காண விழைவது.

அரசவையிலும் தெருவிலும் பறை முழக்குவோர் பெரும்பாலும் ஆடவரே. இல்லத்தினுள் பறை இல்லை, சுரைக்கலம் இருந்தது. நீர் மொள்ளவும் பால் வைக்கவும் பயன்படும் அதனையே மகளிர் இசைக்கருவி ஆக்கினர். அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதன்மேற் சுரையோட்டினைக் கவிழ்த்து மிதக்கவிட்டுத் தட்டுவர். உள்ளே அடைபட்ட காற்றும் அடியிலுள்ள நீரும் அதிர, ஆழ்ந்த முழக்கம் எழும். இவ்வாறு சுரைக்கலங்களை முழக்கிப் பாடுதல் ‘அமடா’ எனப் பெயர் பெறும். ‘ஷாண்டு’ என்பது இரு முனையும் திறந்த நீண்ட சுரைக்குழல். அதனைத் தொடையில் மோதியும், உள்ளங்கையால் வாயை மூடித் திறந்தும், மோதிர விரலால் தட்டியும் ஒலிப்பர். இசைப்பதற்கு அணிகலனும் துணையாயிற்று!

தானியம் அரைக்கும்போது பாடும் பாட்டுகளோ இன்னும் நுட்பமானவை. கல்லின் ஓசையே அவற்றிற்குத் தாளம். கணவன் மற்றொருத்தியை மணந்ததனால் விளைந்த துயர், உடன்வாழ்வாள் மீதுள்ள சினம் முதலியவற்றை நேரிற் கூற இயலாதவள் பாட்டில் வைத்துக் கூறுவாள். எவர் பெயரும் அதில் வாராது. கேட்பவர்க்கோ பொருள் விளங்கிவிடும். இத்தகைய சாடைமொழியை ‘ஹபைச்சி’ என்பர். கேட்டவர் வெகுண்டு வினவினால் என் செய்வது? அவள் கல்லோடன்றோ பாடிக்கொண்டிருந்தாள்!

அமடா பாடிப் புகழ்பெற்றவருள் ஒருவர் ஃபுன்டுவா நகரத்துப் பர்மனி சோகே என்னும் அம்மையார். மகளிர் குழாத்திற் பாடிய அவர் குரலை ஒலிப்பதிவுகள் மதில் கடந்து கொண்டுசென்றன. பெண்கள் ஒரு தொழிலைக் கைக்கொள்ளவேண்டும் என்று அவர் பாடினார். மனையிலிருந்தே தின்பண்டம் சமைத்து, சிறுவர் கையிற் கொடுத்து விற்பித்துப் பொருளீட்டும் மகளிர்க்கு அப்பாட்டு வெறும் இன்பப் பாட்டாக இருந்திராது. அவர் 2013ஆம் ஆண்டில் மறைந்தார்.

பின்னர் ஊர்தோறும் மாவரைக்கும் பொறி வந்தது. மகளிர் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. அதனை வெறுப்பவர் எவர்? ஆயினும், கல் ஓய்ந்த முற்றத்திற் சாடைப்பாட்டும் ஓய்ந்தது. மண விழாக்களில் சுரையோடுகளைக் கவிழ்த்து முழக்கும் ஒலி கேட்கிறது. இடையிடையே மகளிர் குலவையும் எழுகின்றது.